ஸ்டாக் வீடியோ விற்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா கையில் இருக்கிறது, ஹார்டு டிஸ்க்கில் காட்சிகள் கிடக்கின்றன, ஏஜென்சி தளங்களில் போட்டால் காசு வருமாமே என்று வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து படம் எடுத்துப் போடுகிறவர்களை மனதில் வைத்த பதில்கள் இவை.

1. ஸ்டாக் ஃபுட்டேஜ்னா என்ன? நான் எடுத்த வீடியோவை யார், எதுக்கு வாங்குவாங்க?

மற்றவர்கள் தங்கள் வீடியோக்களில் சேர்த்துக்கொள்வதற்காக முன்கூட்டியே எடுத்து ஏஜென்சி தளங்களில் வைக்கும் காட்சிகள்தான் ஸ்டாக் ஃபுட்டேஜ். நீங்கள் விற்பது வீடியோவை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. காப்புரிமை உங்களிடமே இருக்கும். ஒரே கிளிப்பை நூறு பேர் வாங்கலாம், ஒருவர்கூட வாங்காமலும் போகலாம். 'ராயல்டி ஃப்ரீ' என்பதை இலவசம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஒருமுறை காசு கொடுத்து வாங்கியவர் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் திரும்பக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

வாங்குகிறவர்கள் விளம்பர நிறுவனங்கள், ஆவணப்பட எடிட்டர்கள், கம்பெனி வீடியோ செய்பவர்கள், யூடியூபர்கள். அவர்களுக்குத் தேவை அழகான காட்சி அல்ல, ஒரு வாக்கியத்துக்கு மேல் ஒட்ட உதவும் காட்சி. 'இந்தியாவில் சிறு வியாபாரிகள் கடன் பெறுவது கடினம்' என்று பின்னணிக் குரல் ஓடும்போது திரையில் காட்ட என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சூரிய அஸ்தமனம் உதவாது. அது ஏற்கெனவே மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது.

2. எந்த ஏஜென்சில சேரணும்? ஒண்ணு போதுமா?

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், பாண்ட்5, ஐஸ்டாக் ஆகிய நான்கும் பெரியவை. இவற்றில் பாண்ட்5 நிறுவனத்தை 2022-ல் ஷட்டர்ஸ்டாக் வாங்கிவிட்டது. ஐஸ்டாக், கெட்டி இமேஜஸுக்குச் சொந்தம். கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. பெயர்ப்பலகை நாலு, முதலாளிகள் அதைவிடக் குறைவு.

ஆரம்பத்தில் எங்கும் தனியுரிமை, அதாவது 'எக்ஸ்க்ளூசிவ்' ஒப்பந்தம் போட வேண்டாம். விற்பனையில் உங்கள் பங்கு விகிதம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கடையில் உங்கள் சரக்கு போகும் என்று தெரிவதற்கு முன்பே மற்றக் கடைகளை மூடிவிடுவீர்கள். ஒரே கிளிப்பை இரண்டு மூன்று இடங்களில் போட்டு ஓர் ஆண்டு பாருங்கள். 18 வயது நிரம்பாதவர்கள் கணக்கு திறக்க முடியாது.

3. ஐஃபோன்ல எடுத்தா ஏத்துப்பாங்களா?

ஏற்பார்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்தால். ரிஜெக்ட் ஆவதற்கு ஃபோன் என்பது காரணமல்ல, அதன் இயல்பான அமைப்புகள்தான் காரணம். எச்டிஆர் வீடியோவை, அதாவது வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகப் பதியும் முறையை, அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வடிவில் பதிவாகும் கிளிப், சாதாரண எடிட்டிங் டைம்லைனில் போட்டதும் வெளுத்தோ அளவுக்கு மீறிப் பளிச்சிட்டோ தெரியும்.

இரண்டாவது சிக்கல், ஃபோன்கள் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைத்திருக்காது. 30 என்று காட்டிக்கொண்டு 29-க்கும் 30-க்கும் நடுவே அலையும். டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள் ஒன்றில் போட்டு நிலையான ஃபிரேம் ரேட்டில் திரும்ப எக்ஸ்போர்ட் செய்யாமல் நேரே ஏற்றினால், நடுவில் காட்சி விக்கும். இரவுக் காட்சிகளை ஃபோனில் முயலாதீர்கள். இருட்டில் நெளியும் புள்ளிகளை ஏஜென்சியின் ஆய்வாளர் முதல் நொடியிலேயே பார்த்துவிடுவார்.

4. கேமரால என்ன செட்டிங் வைக்கணும்?

4கே தெளிவு, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் ஊருக்கு இதுதான் பாதுகாப்பான அடிப்படை. காரணம் மின்சாரம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுச் சுற்றுகள் அடங்கிவிடும். கேமராவை 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான என்டிஎஸ்சி முறையில் வாங்கியபடியே விட்டு, 30 ஃபிரேமும் 1/60 ஷட்டருமாக எடுத்தால் சுவரில் பட்டைப் பட்டையாக வெளிச்சம் ஓடும். கேமராவின் சின்னத் திரையில் இது கண்ணில் படாது, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போதுதான் தெரியும். மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான 'பால்' (PAL) முறைக்கு மாற்றிவிட்டால் 25, 50, 100 ஃபிரேம்கள் கிடைக்கும். ஸ்லோமோஷனுக்கும் இதே கணக்கு. அறைக்குள் 120 ஃபிரேமில் எடுக்காதீர்கள். 100 ஃபிரேம், 1/100 ஷட்டர்.

வெளியில் வேறு தலைவலி. உச்சி வெயிலில் 1/50 ஷட்டரும் ஐஎஸ்ஓ 100-ம் வைத்தால் லென்ஸை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப்/4-ல் எடுக்க வெளிச்சத்தை ஐந்து ஸ்டாப் குறைக்கும் என்டி32 ஃபில்டர் வேண்டும். லாக் முறையில் (நிறத்தைப் பிறகு சரிசெய்வதற்காக மங்கலாகப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காத கேமரா என்றால் என்டி256. ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிச் சமாளித்தால், நடக்கிற மனிதர் பொம்மைபோல வெட்டி வெட்டி நடப்பார். லாக்கில் எடுத்ததை நிறம் சரிசெய்யாமல் சாம்பல் பூத்தபடி ஏற்றவும் கூடாது.

5. எவ்வளவு நீளம்? எந்த ஃபார்மட்ல எக்ஸ்போர்ட் பண்றது?

5 முதல் 60 நொடி. பெரும்பாலான காட்சிகளுக்கு 10 முதல் 20 நொடி போதும். ஒரு கிளிப்பில் ஒரே ஷாட். நாலு ஷாட்டை வெட்டி ஒட்டி, ஃபேட் போட்டு, டைட்டில் வைத்து அனுப்பாதீர்கள். வெட்டுவது வாங்குகிறவர் வேலை.

எம்ஓவி அல்லது எம்பி4 கோப்பு, புரோரெஸ் அல்லது எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை). அளவில்தான் மாட்டிக்கொள்வீர்கள், ஒரு கோப்பு ஏறத்தாழ 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். 4கே, 25 ஃபிரேம், புரோரெஸ் 422 எச்க்யூ என்றால் நொடிக்குச் சுமார் 737 மெகாபிட். 20 நொடிக்கு 1.8 ஜிபி, 40 நொடிக்கு 3.7 ஜிபி, 60 நொடிக்கு 5.5 ஜிபி. நீளமான கிளிப் என்றால் சாதாரண புரோரெஸ் 422-க்கு இறங்குங்கள், அல்லது எச்.264-ல் 100 மெகாபிட் வையுங்கள். கேமராவே எச்.264-ல் பதிவு செய்திருந்தால் அதைப் புரோரெஸாக மாற்றுவதால் தரம் ஒன்றும் கூடாது, அப்லோட் நேரம்தான் கூடும். எச்டியில் எடுத்ததை 4கே ஆக இழுத்துப் பெரிதாக்கி அனுப்புவது வீண்வேலை, கண்டுபிடித்துவிடுவார்கள்.

6. சவுண்டு வைக்கலாமா?

மழை, அலை, சந்தை இரைச்சல் போன்ற இயற்கை ஒலி நன்றாக இருந்தால் வையுங்கள். தூரத்து ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒரு வரி கேட்டாலும், அருகில் யாராவது பேசுவது புரிந்தாலும் ஆடியோ டிராக்கையே நீக்கிவிடுங்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் பாட்டு இல்லாத நொடி கிடைப்பது அரிது என்பதால், அங்கே எடுத்தவற்றைப் பேசாமல் மௌனமாகவே அனுப்பலாம்.

7. தெருவுல போற வர்றவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமா? நடக்கிற காரியமா?

கிளிப்பை எதற்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விளம்பரத்துக்குப் பயன்படும் 'கமர்ஷியல்' கிளிப் என்றால், அடையாளம் தெரியும் ஒவ்வொருவருக்கும் மாடல் ரிலீஸ், அதாவது காட்சியில் வருபவர் கையெழுத்திட்டுத் தரும் சம்மதப் படிவம் வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பச்சை குத்தல், தனித்த உடை, நடை இவற்றால் 'இது நான்தான்' என்று அவரே சொல்ல முடியுமானால் அவரும் கணக்கில் சேர்த்தி. ரிலீஸ் படிவத்தை ஏஜென்சித் தளத்திலிருந்தே எடுங்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, எடுத்த நாள், எடுத்தவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். சாட்சியின் இடம் காலியாக இருப்பதும், படப்பிடிப்புத் தேதி பொருந்தாததும்தான் ரிலீஸ் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணங்கள். மாடலே சாட்சியாகக் கையெழுத்துப் போட முடியாது.

ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போவது சரியல்ல. 'உங்கள் முகம் ஏதாவது ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரத்திலும் வரலாம், பிறகு நிறுத்த முடியாது' என்று தமிழில் சொல்லிவிட்டு, சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள். கையில் ஒரு தொகையும் கொடுங்கள். வயலில் வேலை செய்கிறவரை நிறுத்தி எடுத்தால் அன்றைய கூலியாவது தர வேண்டாமா?

8. என் பொண்டாட்டி, என் பையன். அவங்களுக்குக்கூடவா ரிலீஸ்?

ஆமாம். உங்களை நீங்களே எடுத்தாலும் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதன் சித்தப்பா போட்ட கையெழுத்து செல்லாது.

9. அப்ப எடிட்டோரியல்னு போட்டுட்டா ரிலீஸ் தேவையில்லைதானே?

தேவையில்லை, ஆனால் சந்தை சுருங்கும். செய்தி, ஆவணப்படம், கல்வி இவற்றுக்கு மட்டுமே அது போகும். ஜல்லிக்கட்டு, தேரோட்டம், அரசியல் பேரணி, தீபாவளி நாள் ரங்கநாதன் தெரு எல்லாம் இந்த வகை. ஷட்டர்ஸ்டாக்கில் விவரணை ஊர், நாடு, தேதி என்று தொடங்க வேண்டும்: 'பாலமேடு, இந்தியா - ஜனவரி 15 2025:' என்று ஆங்கிலத்தில் எழுதி, பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

எடிட்டோரியலில் நடந்ததை மாற்றக் கூடாது. நிறம், வெளிச்சம் திருத்தலாம். குறுக்கே வந்த கம்பத்தை அழிக்கக் கூடாது, யாரையும் நடிக்கச் சொல்லி எடுக்கவும் கூடாது. ரிலீஸ் வாங்கச் சோம்பல்பட்டு, வீட்டில் செட் போட்டு எடுத்ததை எடிட்டோரியலில் தள்ளினால் திரும்பி வரும்.

10. லோகோ எல்லாம் எவ்வளவு உன்னிப்பா பார்ப்பாங்க?

ஒரு டீக்கடை ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் டீ ஆற்றுகிறார், அருமையான பின்னொளி, ரிலீஸும் வாங்கியாயிற்று. இப்போது ஃபிரேமின் ஓரங்களைப் பாருங்கள். பால் பாக்கெட்டில் ஆவின் எழுத்து, பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் குளிர்பான ஸ்டிக்கர், கல்லாவில் யூபிஐ கியூஆர் அட்டை, சுவரில் சாமி காலண்டர், அதன் அடியில் நகைக்கடைப் பெயர், வெளியே நிற்கும் பைக் டேங்கில் கம்பெனிச் சின்னம். கமர்ஷியலுக்கு இவற்றில் எது தெளிவாகத் தெரிந்தாலும் ரிஜெக்ட். சாமிப் படமும் யாரோ ஓர் ஓவியரின் படைப்புதான்.

எடுத்த பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக அழிப்பது நரகம். எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் செலவிட்டுப் பொருட்களைத் திருப்பி வையுங்கள், கருப்பு டேப் ஒட்டுங்கள், லென்ஸைத் திறந்து பின்னணியை மங்கலாக்குங்கள். வண்டி எண், ஆதார் எண், ஃபோன் திரையில் உள்ள ஆப் ஐகான்கள் இவையும் இதே கணக்கு.

11. தஞ்சாவூர் பெரிய கோயில், மகாபலிபுரம் எடுத்துப் போடலாமா? ஆயிரம் வருஷத்துக் கோயிலுக்கு என்ன காப்புரிமை?

காப்புரிமை இல்லை, சரி. தடை அனுமதியில் இருக்கிறது. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சுற்றுலாப் பயணியாக எடுப்பது வேறு, ட்ரைபாட் வைத்து விற்பனைக்காக எடுப்பது வேறு. பின்னதற்குத் துறையின் முன் அனுமதி வேண்டும். கோயில்களுக்குள் செல்ஃபோனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் மறக்க வேண்டாம். வெளியே பொதுச் சாலையிலிருந்து கோபுரத்தை எடுத்து எடிட்டோரியலில் போடுவதே பெரும்பாலானவர்கள் செய்வது. ரயில் நிலையம், விமான நிலையம் போன்றவற்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு.

புதிய படைப்புகளில்தான் காப்புரிமைச் சிக்கல். சென்னை கண்ணகி நகரின் சுவரோவியங்கள், 2000-ல் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை போன்றவை சமகாலக் கலைஞர்களின் ஆக்கம். பொது இடத்தில் நிரந்தரமாக நிறுவப்பட்ட கலைப்படைப்பைத் திரைப்படத்தில் சேர்ப்பதற்கு 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஏஜென்சி உலகம் முழுக்க விற்கிறது. எல்லா நாட்டிலும் இந்தச் சலுகை இல்லாததால் ப்ராபர்ட்டி ரிலீஸ், அதாவது படைப்பின் உரிமையாளர் தரும் சம்மதப் படிவம் கேட்பார்கள். சட்டப் பிரிவைக் காட்டி ஆய்வாளரோடு வாதிட்டுப் பலனில்லை. எடிட்டோரியலாக மாற்றி அனுப்புங்கள்.

12. ட்ரோன் ஷாட் நல்லா போகுமாமே? லைசென்ஸ் வேணுமா?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்குள் இருக்கும் நானோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கு உள்ள விலக்கு, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான். காட்சியை விற்கிறீர்கள் என்றாலே அது வணிகம். 'பொழுதுபோக்காகத்தான் பறக்கவிட்டேன், பிறகு விற்றேன்' என்பது எடுபடாது.

பறப்பதற்கு முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை அனுமதி வாங்காமல் பறக்கலாம். மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருப்பதால் சென்னையின் பெரும்பகுதி இந்தச் சலுகைக்குள் வராது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரட்டும் என்று நினைப்பவர்களுக்கு: ட்ரோன் இறக்குமதி 2022 பிப்ரவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

13. கல்யாண வீடியோ டெராபைட் கணக்குல கிடக்கு. அதை வெட்டிப் போடலாமா?

வேண்டாம். மணமக்கள், ஐயர், பின்னால் நிற்கும் அத்தனை உறவினர் என்று ஏழாம் கேள்வியில் சொன்ன ரிலீஸ் யாரிடமும் இருக்காது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீட்டாருக்கே அதில் உரிமை இருக்கலாம். எடிட்டோரியலிலும் போகாது, தனியார் நிகழ்ச்சி பொதுச் செய்தி ஆகாது. திருமணக் காட்சிகளுக்குத் தேவை இருப்பது உண்மைதான். இரண்டு நண்பர்களை உடுத்தி உட்காரவைத்து, மருதாணிக் கை, மாலை மாற்றல், அட்சதை என்று தனியாக எடுங்கள். ஒரு நாள் வேலை, முறையான ரிலீஸ்.

14. டைட்டில், கீவேர்டு எப்படி எழுதறது? தமிழ்ல எழுதலாமா?

தமிழில் எழுத வழியில்லை, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 கீவேர்டு, அடோபியில் 49 வரை. அடோபியில் வரிசைக்கு மதிப்பு உண்டு, முதல் பத்து சொற்கள்தான் தேடலில் அதிகம் எடுபடும். அகர வரிசையில் அடுக்கினால் நல்ல சொற்கள் கீழே புதைந்துபோகும்.

தேடுகிறவர் பெர்லினில் இருக்கிறார், அவருக்கு 'நாற்று நடவு' தெரியாது. யார், என்ன செய்கிறார், எங்கே, எதற்கு என்ற வரிசையில் யோசியுங்கள். முதலில் பெண் விவசாயி, நெல், நடுதல், சேறு. அடுத்து இந்தியா, தமிழ்நாடு. கடைசியாகக் கருத்துச் சொற்கள், கிராமப் பொருளாதாரம், உணவு உற்பத்தி, உழைப்பு, பருவமழை. இட்லி என்று மட்டும் எழுதாமல் 'ஆவியில் வெந்த அரிசிப் பலகாரம், தென்னிந்தியக் காலை உணவு' என்பதையும் ஆங்கிலத்தில் சேருங்கள். காட்சியில் இல்லாததை எழுதாதீர்கள். கேமரா பெயரும் கம்பெனிப் பெயரும் கூடாது. ஐம்பது கிளிப் ஏற்றும்போது ஒவ்வொன்றாகத் தளத்தில் தட்டாமல், கோப்புப் பெயர், டைட்டில், கீவேர்டு என்று சிஎஸ்வி (அட்டவணை) கோப்பில் எழுதி மொத்தமாக ஏற்றிவிடலாம்.

15. நல்லாத்தான் இருக்கு, ஆனா ரிஜெக்ட் ஆகிட்டே இருக்கு. ஏன்?

பெரிய திரையில் நூறு சதவீத அளவில் ஓடவிட்டுப் பாருங்கள். நிழல்களில் புள்ளி நெளிகிறதா, ஃபோகஸ் நடுவில் ஒரு முறை உள்ளே வெளியே போய் வருகிறதா, ட்ரைபாட் காற்றில் லேசாக நடுங்குகிறதா, வானம் வெள்ளையாக வெந்துவிட்டதா? எஃபெக்ட் போட்டு ஸ்டெபிலைஸ் செய்தால் ஓரங்கள் கூழாக ஆடும், அதுவும் ரிஜெக்ட்தான்.

தரம் சரியாக இருந்தும் திரும்பினால், 'ஒரே மாதிரி உள்ளடக்கம்' என்று காரணம் வந்திருக்கிறதா பாருங்கள். ஒரே அலையைப் பத்து டேக் எடுத்துப் பத்தையும் ஏற்றக் கூடாது. தூரம், நடு, நெருக்கம் என்று மூன்று போதும். திருத்தாமல் அதையே மறுபடி மறுபடி ஏற்றுவது கணக்குக்கே ஆபத்து.

16. ஒரு கிளிப்புக்கு எவ்வளவு காசு வரும்? உண்மையைச் சொல்லுங்க.

அடோபி வீடியோவுக்கு 35 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் அந்த ஆண்டு எத்தனை உரிமம் விற்றீர்கள் என்பதைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம். முதல் பத்து வீடியோவுக்கு 15, 11 முதல் 50 வரை 20, இப்படி ஏறும். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒருவர் 80 டாலர் கொடுத்து வாங்கினால் அடோபியில் உங்களுக்கு 28 டாலர், ஷட்டர்ஸ்டாக்கின் முதல் படியில் 12 டாலர். ஆனால் சந்தா வாடிக்கையாளருக்கு அதே கிளிப்பின் அடக்க விலை 10 டாலர்தான் என்றால் ஷட்டர்ஸ்டாக்கின் அதே முதல் படியில் உங்கள் பங்கு ஒன்றரை டாலர். இந்த இரண்டாம் வகை விற்பனைதான் அதிகம் நடக்கிறது.

வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். தேவைப்படும் பொருளில் சில நூறு கிளிப்புகள் சேர்ந்த பிறகே மாதா மாதம் ஏதாவது வரும் என்ற நிலை வரும். பத்துக் கிளிப் போட்டுவிட்டு மூன்று மாதம் ஒன்றும் விற்கவில்லை என்பவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது இயல்பு.

17. பணம் எப்படிக் கைக்கு வரும்? வரி பிடிப்பாங்களா?

பேபால் அல்லது பேயோனியர் வழியாக வரும். அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டிலும் 25 டாலர் சேர்ந்தால் எடுக்கலாம். அடோபியில் முதல் விற்பனைக்குப் பிறகு 45 நாள் பொறுக்க வேண்டும். டாலரை ரூபாயாக்கும்போது இடையில் இருப்பவர் ஒரு வெட்டு எடுப்பார், அதனால் அடிக்கடி சிறு தொகையாக எடுக்காதீர்கள்.

கணக்குத் திறந்ததும், நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று காட்டும் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புங்கள். வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண். இதைச் செய்யாவிட்டால் அமெரிக்காவில் நடந்த விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பார்கள், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி என்றால் 15. படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் முடிவு வரை செல்லும். 2025-ல் போட்டது 2028 டிசம்பரோடு காலாவதி, புதுப்பிக்க மறந்தால் பிடித்தம் மறுபடி 30. அங்கே பிடித்ததை இங்கே கட்டும் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியும். கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே ஆடிட்டரிடம் பிடித்த விவரத்தைக் கொடுங்கள், ஜிஎஸ்டி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

18. ஏஐயே வீடியோ பண்ணுது. இனிமே இதுக்கு மதிப்பு இருக்கா?

பொதுவான காட்சிகளுக்குக் குறையும்: மேகம், அலை, நகர விளக்குகள். குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மனிதர் செய்யும் உண்மையான வேலைக்கு, அதுவும் ரிலீஸோடு இருந்தால், தேவை இருக்கும். ஒன்பதாம் கேள்வியில் வரும் எடிட்டோரியலில் ஏஐக்கு இடமே இல்லை.

ஏஐ கொண்டு உருவாக்கியதை ஏற்றலாமா என்றால், ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டியும் வாங்குவதில்லை. அடோபி வாங்குகிறது, ஆனால் ஏஐ என்று குறிக்க வேண்டும். உங்கள் கிளிப்புகளைக் கொண்டு ஏஐக்குப் பயிற்சி கொடுப்பது தனி விஷயம். ஷட்டர்ஸ்டாக்கில் அதற்கு ஒரு நிதியிலிருந்து பங்கு தருகிறார்கள். வேண்டாம் என்றால் கணக்கு அமைப்புகளில் அணைத்துவிடலாம்.

19. என் கிளிப்பை ஒருத்தர் யூடியூப்ல போட்டிருக்காரு. ஸ்ட்ரைக் கொடுக்கலாமா?

ஸ்ட்ரைக் என்னும் காப்புரிமைப் புகாருக்கு முன் பொறுங்கள். அவர் காசு கொடுத்து வாங்கியவராக இருக்கலாம். யார் வாங்கினார் என்று ஏஜென்சி உங்களுக்குச் சொல்லாது. முறையாக வாங்கியவருக்கு ஸ்ட்ரைக் போனால் அவர் ஏஜென்சியிடம் முறையிடுவார், போகப்போவது உங்கள் கணக்கு. இதே காரணத்தால் ஸ்டாக்கில் விற்கும் கிளிப்பை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பதிந்த காட்சி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) பதியவும் கூடாது. மூலத் தளத்தின் வாட்டர்மார்க்கோடு ஓடுகிறது என்றால் மட்டும் அது திருட்டு என்று உறுதியாகச் சொல்லலாம். அப்போதும் இணைப்பை ஏஜென்சியின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கிளிப்பைத் தளத்திலிருந்து நீக்கினாலும் ஏற்கெனவே விற்ற உரிமங்கள் உயிரோடுதான் இருக்கும். ஆகவே மாடல் பிறகு வந்து 'எடுத்துவிடுங்கள்' என்று கேட்டால் புது விற்பனையைத்தான் உங்களால் நிறுத்த முடியும். இதையும் ரிலீஸ் வாங்கும் அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.